பழைய துப்பாக்கியின் இரும்பு உடம்பில் விழுந்த ஒடுக்கை அரத்தால் ராவி எடுக்கலாமா?

ராவாதீர்கள். உடம்பு என்று சொல்வது குழல் வந்து பொருந்தும் நடு இரும்புப் பகுதியை. தாத்தா காலத்து இரட்டைக் குழலாகத்தான் இருக்கும் என்று வைத்துச் சொல்கிறேன். ஒடுக்கு விழுந்த இடத்தில் இரும்பு குறைந்துவிடவில்லை, ஓரமாக ஒதுங்கி மேடாக நிற்கிறது. விரலால் தடவினாலே தெரியும். அந்த மேட்டை ராவிவிட்டால் பள்ளத்தை நிரப்ப எதுவும் மிஞ்சாது. பள்ளம் மறையும்வரை சுற்றிலும் ராவ வேண்டும், பூவேலையும் முத்திரையும் அதோடு போய்விடும்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா பெயரில் லைசென்ஸ் உள்ள, இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்த 12 போர் (குழல் அளவு) துப்பாக்கி. இலைக்கொடி வேலைப்பாட்டின் மேலேயே ஒடுக்கு. வெல்டிங் வைத்து நிரப்பலாம் என்று ஒருவர் சொன்னார், அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். இந்த உடம்பை எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்துப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்திருப்பார்கள். மேல்தோல் மட்டும் கெட்டி, உள்ளே மெத்து. அந்த நீலமும் பழுப்பும் கலந்த நிறம் அப்படி வந்ததுதான். வெல்டிங் சூட்டில் நிறமும் போகும், உடம்பும் கோணும்.

கடைசியில் லைசென்ஸ் உள்ள ஒரு வயதான ஆயுதக் கடைக்காரர் செய்துகொடுத்தார். 1875இல் ஆன்சன், டீலி என்ற பர்மிங்காம் துப்பாக்கித் தொழிலாளர்கள் இருவர் கொண்டுவந்த அமைப்பு இது. சுடும் பொறி முழுக்க உடம்புக்குள் அடங்கும்படி குடைந்திருக்கும். அதனால் எல்லாவற்றையும் கழற்றி, குடைவுக்குள் அளவாக ஓர் இரும்புத் துண்டைத் தாங்கலாக வைத்தார். அப்புறம் கண்ணில் லென்ஸ், முனையைப் பளபளவென்று தேய்த்த சின்ன பஞ்ச் (உளி போன்ற இரும்புக் கோல்), சின்னச் சுத்தியல். மேட்டின் வெளி ஓரத்திலிருந்து பள்ளத்தைப் பார்த்துச் சாய்வாக, மெதுமெதுவாகத் தட்டினார். மேடு அமுங்க அமுங்கப் பள்ளம் மேலே வந்தது. லேசாகத் தடம் மிச்சமிருந்தபோது, இனித் தட்டினால் மேல்தோல் விரிசல் விடும் என்று நிறுத்திவிட்டார்.

ஒடுக்கு குழலில் என்றால் இது எதுவும் பொருந்தாது. அதன் சுவர் மெல்லியது, சரிபார்க்காமல் சுடவே கூடாது.

துப்பாக்கிக்கு இவ்வளவு உபசாரமா என்று சிலர் கேட்பீர்கள். நாங்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. நல்ல கைவேலை கெடக்கூடாது, அவ்வளவுதான். 1959 ஆயுதச் சட்டப்படி பழுதுபார்க்கிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒடுக்கு விழுந்ததே தேர்தலுக்காகப் போலீசில் ஒப்படைத்தபோதுதான். ஒப்படைக்கச் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உறைகூட இல்லாமல், ஒரே கயிற்றில் மற்றவற்றோடு கட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, 'வரும்போதே அப்படித்தான் இருந்தது' என்றார்கள். எங்களிடம் ஆதாரம் இல்லை. நீங்களும் ஒப்படைக்கிறவர் என்றால் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், ரசீதிலேயே அதன் நிலையை எழுதி வாங்குங்கள்.