பத்து மணிக்குள் வரும் கோபம்: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த மூன்று கடிதங்கள் ஒரே விஷயத்தைத் தொடுகின்றன. சாப்பாட்டுக்கும் கவனத்துக்கும் கோபத்துக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. நாங்கள் இருவரும் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்புவதால், 5.45க்குக் கட்டிப்பால் போட்ட தேநீர் ஒரு குவளையும் மூன்று கிரீம் பிஸ்கட்டும் கொடுத்து வேனில் ஏற்றிவிடுகிறோம். ஒன்பது மணிக்கு மேல் இடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறான் என்கிறார் ஆசிரியை. பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் ஒரே ஆட்டம். சீனிதான் காரணமா?

பதில்: விருந்தில் ஆடுவதற்குச் சீனியைக் குற்றம் சொல்லாதீர்கள், சகோதரி. சில பிள்ளைகளுக்குச் சீனியும் சிலருக்கு அதே இனிப்புள்ள செயற்கை இனிப்பூட்டியும் கொடுத்து, யாருக்கு எது என்று வீட்டாருக்கும் தெரியாமல் பல ஆய்வுகள் நடந்தன. 1995இல் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது நடத்தையில் வேறுபாடு தெரியவில்லை. 1994இல் நடந்த ஒரு சோதனையில் எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது இனிப்பூட்டி மட்டுமே. ஆனால் “உங்கள் பிள்ளை சீனி குடித்திருக்கிறான்” என்று யாரிடம் சொன்னார்களோ, அந்தத் தாய்மார்தான் அவன் அதிகம் துள்ளுகிறான் என்றார்கள். விருந்தில் கூட்டமும் விளையாட்டும் சத்தமும் இருக்கின்றன. பிள்ளை துள்ளத்தான் செய்வான்.

காலைக் குவளை வேறு கதை. இரண்டு மேசைக்கரண்டி கட்டிப்பாலில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. கிரீம் பிஸ்கட் அதற்கு மேல். புரதம் மிகக் கொஞ்சம், நார்ச்சத்து இல்லாத மாதிரிதான். இந்தச் சர்க்கரை வேகமாக இரத்தத்தில் ஏறி, இரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆரோக்கியமான பிள்ளைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்க ஈரல் விடாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் எட்டு மணிக்கே வயிறு காலி, இடைவேளையோ பத்து மணிக்கு. பசித்த பிள்ளை பாடத்தில் நிற்க மாட்டான். எந்தப் பசியாறல் (காலை உணவு) சிறந்தது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஆனால் பசியாறாமல் வரும் பிள்ளைக்கு, அதிலும் ஊட்டம் குறைந்த பிள்ளைக்கு, முற்பகலில் கவனம் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரவே ஒரு முட்டையை அவித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் அந்த முட்டையோடு ஒரு துண்டு ரொட்டி, அல்லது சாம்பாரோடு இரண்டு இட்லி, அரைக் குவளை இனிப்பில்லாப் பால். கட்டிப்பாலை ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை குவளையைத் தள்ளிவிடுவான். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். எழுந்தவுடன் பசிக்காத பிள்ளைகளும் உண்டு. அப்படியென்றால் பாதியை டப்பாவில் கொடுத்து, 7.30 மணி அடிக்குமுன் சாப்பிட ஆசிரியையிடம் அனுமதி கேளுங்கள். சுண்டல் என்றால் தேங்காய்ப்பூ சேர்க்க வேண்டாம், நம் வெக்கையில் சீக்கிரம் ஊசிப்போகும்.

உணவைவிட முக்கியமாக நாங்கள் நினைப்பது தூக்கம். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். 5.15க்கு எழுப்புகிற பிள்ளை இரவு 8.15க்குள் படுத்தாக வேண்டும். தூக்கம் குறைந்த பிள்ளை சோர்ந்து விழாமல், எதிர்மாறாகத் துள்ளுவதுண்டு. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சரியாகச் சேரவிடாது என்பதையும் கவனியுங்கள். முகம் வெளுத்திருந்தால் அரசு கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை.

மூன்று வாரம் இப்படிச் செய்து பாருங்கள். வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேலாக இதே நிலை என்றால் மருத்துவரிடம் முறையான மதிப்பீடு தேவை; கவனக்குறைவுக் கோளாறைப் பசியாறல் குணமாக்காது. பிள்ளைக்கு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு, நின்றிருந்த படுக்கை நனைப்பு மறுபடி வருவது இவை தெரிந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும்.

கேள்வி: கலர் மிட்டாய், சிவப்புத் தண்ணீர் பிள்ளையைக் கெடுக்குமா?

பதில்: இதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2007இல் வெளிவந்த சவுதாம்டன் ஆய்வில், செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சில பிள்ளைகளின் துருதுருப்பைச் சிறிதளவு கூட்டியது. அதில் சோதித்த ஆறு நிறங்களில் எது சேர்ந்தாலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010இல் நடைமுறைக்கு வந்தது. பொட்டலத்தில் 102, 104, 110, 122, 124, 129 என்ற எண்களைத் தேடுங்கள். இரண்டு வாரம் நிறுத்திப் பார்ப்பதில் நட்டமில்லை.

கேள்வி: என் கணவருக்கு வயது 52, செம்பனைக் குலை வெட்டுகிறார். காலை 5.30க்குத் தே ஓவோடு (பாலில்லாத் தேநீர்) இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரை போட்டுவிட்டுப் போகிறார், சாப்பாடு பத்து மணிக்குத்தான். சில நாள் ஒன்பதரைக்கு வியர்த்து, கை நடுங்கி, கூட வேலை செய்பவர்களைத் திட்டுகிறாராம். பிறகு கேட்டால் நினைவில்லை என்கிறார். குடித்திருக்கிறார் என்று ஊர் பேசுகிறது.

பதில்: அம்மா, இது குணக்கேடு இல்லை. சர்க்கரை இறங்குவதாகவே தெரிகிறது. மாத்திரை உறையில் பெயரைப் பாருங்கள். கிளிபென்கிளமைடு, கிளிக்கிளசைடு போன்றவை வயிற்றில் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படி ஆவது அரிது. இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், பசி. 3.0க்குக் கீழே போனால் மூளை தடுமாறும். கோபமும் குழறலும் அங்கிருந்து வருபவை. கிளினிக்கில் காலையில் எடுக்கும் அளவு அதிகமாக இருந்தாலும், வேலையிடத்தில் இறங்கத்தான் செய்யலாம். ஆகவே அறிகுறி வரும் அதே நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள்.

அறிகுறி தெரிந்தவுடன் அரிவாள் கம்பைக் கீழே வைத்து உட்காரச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏறவே கூடாது. மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், அல்லது சாதாரண இனிப்புப் பானம் 150 மில்லி. சீனியில்லாத வகை பயன்படாது. சாக்லேட்டும் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், 3.9ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிட்டாக வேண்டும், இல்லையேல் திரும்ப இறங்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பக்கவாட்டில் படுக்கவைத்து 999ஐ அழையுங்கள். தெளிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கிளிபென்கிளமைடின் வேகம் நெடுநேரம் நிற்கும், சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு இன்னும் அதிகம்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே கிளினிக்குக்குப் போய், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு முதல் உணவு என்று எழுதிக் காட்டுங்கள். மருந்தையோ நேரத்தையோ மாற்றித் தருவார்கள். அதுவரை மாத்திரை போடும்போதே இரண்டு தோசையாவது வயிற்றுக்குள் போகட்டும். சீனிப் பொட்டலம் மூன்று, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் பெட்டியில் அல்ல. மண்டோரிடமும் (மேற்பார்வையாளர்) உடன் வெட்டுபவரிடமும் அந்தப் பொட்டலம் எந்தப் பையில் இருக்கிறது என்று இன்றைக்கே சொல்லிவையுங்கள்.