16 காட்சிகளோடு மூடிய நாடகத்துக்கு விருது தகுமா?

கேள்வி: நானும் என் மைத்துனரும் மேடை நாடகப் பைத்தியங்கள். அமெரிக்க இசையமைப்பாளரும் பாடலாசிரியருமான ஸ்டீபன் சோண்ட்ஹைமின் ‘மெரிலி வீ ரோல் அலாங்’ என்ற இசைநாடகம் 1981-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 16 காட்சிகளோடு மூடப்பட்டது. அதே நாடகம் 2024-இல், பிராட்வே நாடகங்களுக்கான உயரிய பரிசான டோனி விருதுகளில் நான்கை வாங்கியது. 1982-இல் ஒரு விருதும் தராமல் விட்டது அநீதி என்கிறேன் நான். “ஓடாத குதிரைக்குக் கோப்பை எதற்கு?” என்கிறார் அவர். மூன்று வாரமாக எங்களுக்குள் சரியான பேச்சில்லை. யார் பக்கம் நியாயம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூன்று வாரம் முகம் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு இது பெரிய வழக்கில்லை. ஆனாலும் வழக்கில் சாரம் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நீங்கள் இருவரும் ஒரே நாடகத்தைப் பற்றிச் சண்டையிடுவதாக எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் 1981-இல் மேடையேறியதைச் சொல்கிறார். நீங்கள் 2024-இல் பரிசு வாங்கியதை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள்.

1981 நவம்பர் 16-ஆம் நாள் ஆல்வின் அரங்கில் தொடங்கிய அந்த நாடகத்தை இயக்கியவர் ஹரால்ட் பிரின்ஸ். ‘கம்பெனி’ தொடங்கி ‘ஸ்வீனி டாட்’ வரை 1970-களில் சோண்ட்ஹைமோடு கைகோத்துப் பிராட்வேயின் போக்கையே மாற்றியவர் அவர். பணமும் புகழும் சேர்ந்து நட்பை இழந்துவிட்ட ஓர் இசையமைப்பாளரின் வாழ்க்கையை முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பின்னோக்கிச் சொல்லும் கதை இது. நாற்பதைக் கடந்த அந்தப் பாத்திரங்களை, பதின்பருவத்திலும் இருபதுகளின் முற்பகுதியிலும் இருந்த இளைஞர்களை வைத்தே நடத்திவிடலாம் என்று பிரின்ஸ் முடிவு செய்தார். முன்னோட்டக் காட்சிகளிலேயே பார்ப்பவர்களுக்கு யார் யாரென்று விளங்கவில்லை. தைத்து வைத்திருந்த உடைகளை ஒதுக்கிவிட்டு, பாத்திரம் இன்னார் என்று நெஞ்சில் எழுதிய பனியன்களை நடிகர்களுக்கு மாட்டினார்கள். கதாநாயகனையும் நடன இயக்குநரையும் மாற்றினார்கள். தொடக்க நாளைத் தள்ளிப் போட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் பாதியில் எழுந்து போனார்கள். நவம்பர் 28-இல் திரை விழுந்தது. முன்னாள் மனைவி யார், நண்பன் யார் என்பதைச் சட்டையில் எழுதிக் காட்டவேண்டிய நிலைக்கு வந்துவிட்ட ஒரு படைப்பை ஆண்டின் சிறந்த இசைநாடகம் என்று எந்தக் குழுவாலும் அழைத்திருக்க முடியாது. அந்த ஆண்டு அந்தப் பிரிவின் பரிந்துரைப் பட்டியலில் அது இல்லாததில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. இதுவரை உங்கள் மைத்துனருக்குத்தான் வெற்றி.

ஆனால் அவருடைய குதிரை உவமை பொருந்தாது. பந்தயத்தில் ஓடுவது ஒரே குதிரை. இசைநாடகத்தில் கதை, பாட்டு, இசை, நடிப்பு, நடனம், அரங்கம், ஒளி என்று தனித்தனிக் கைகள் வேலை செய்கின்றன. அவற்றில் நான்கு சறுக்கி ஐந்தாவது நிமிர்ந்து நிற்கலாம் என்பதற்காகத்தானே விருதுகளைப் பிரிவு பிரிவாக வைத்திருக்கிறார்கள்? வசூலுக்குப் பரிசு தருவதற்கு விழா தேவையில்லை; அதை டிக்கெட் கவுண்டரே நாள்தோறும் தந்துவிடுகிறது.

இந்த நாடகத்தில் நிமிர்ந்து நின்றது பாட்டு. கதை பின்னோக்கி நகர்வதால், வழக்கமாக ஒரு பாடல் முதலில் முழுமையாக வந்து பிறகு எதிரொலியாகத் திரும்பும் முறையைச் சோண்ட்ஹைம் தலைகீழாக்கினார். எதிரொலி முன்னால் கேட்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பது பின்னால்தான் புரிகிறது. ‘நாட் எ டே கோஸ் பை’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை மணமுறிவுக் கட்டத்தில் கேட்கிறோம். மறக்க முடியவில்லையே என்ற கசப்பு அதில் நிறைந்திருக்கிறது. பல ஆண்டுகள் முந்தைய திருமணக் காட்சியில் ஏறத்தாழ அதே சொற்கள் உறுதிமொழியாகத் திரும்புகின்றன. பாடும் மணமக்களுக்குத் தெரியாத ஒன்று, கேட்டுக்கொண்டிருக்கும் நமக்குத் தெரிந்திருக்கிறது. பனியன் குழப்பத்தால் இதைக் கெடுக்க முடியவில்லை. நாடகம் மூடப்பட்ட மறுநாளே நடிகர்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று பாடல்களை இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார்கள். வேலையை இழந்த மறுநாள் பாடிய இளைஞர்கள் அவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் இன்றும் தொண்டை அடைக்கும். இரண்டு வாரத்தில் மறைந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் சொற்பம்; அந்தத் தட்டு மட்டும் இல்லையென்றால் நீங்கள் இருவரும் சண்டை போடுவதற்கே பொருள் இருந்திருக்காது.

1982-இல் டோனி அமைப்பு அந்த நாடகத்தை அடியோடு மறந்துவிடவில்லை என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பாடலும் இசையும் சேர்ந்த பிரிவில் சோண்ட்ஹைம் பரிந்துரைக்கப்பட்டார். அந்த நாடகத்துக்குக் கிடைத்த ஒரே பரிந்துரை அதுதான். பரிசு ‘நைன்’ நாடகத்துக்காக மோரி யெஸ்டனுக்குப் போயிற்று. ‘நைன்’ இசை அழகானது, அதில் சந்தேகமில்லை. அதே ஆண்டு, நியூயார்க் நாடக விமர்சகர்கள் தரும் டிராமா டெஸ்க் விருதின் குழு இசையையும் பாடல்வரிகளையும் தனித்தனியே எடைபோட்டு, இசைக்கு யெஸ்டனையும் வரிகளுக்குச் சோண்ட்ஹைமையும் தேர்ந்தெடுத்தது. என் பார்வையில் அந்த ஆண்டின் சரியான தீர்ப்பு அதுவே. டோனிக்கு இப்படிப் பிரிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1971-இல் ‘கம்பெனி’க்காக இசைக்கு ஒன்று, வரிகளுக்கு ஒன்று என்று இரண்டு பரிசுகளைச் சோண்ட்ஹைமுக்குத் தந்த அமைப்புதான் அது. 1982-லும் அப்படிப் பிரித்திருந்தால் உங்கள் குறை தீர்ந்திருக்கும். ஆகவே அநீதி என்ற சொல்லைச் சற்றுச் சுருக்கி, ஒரு பரிசு தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. ஏ.ஆர். ரஹ்மானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசைநாடகம் லண்டனில் நன்றாக ஓடிவிட்டு 2004-இல் பிராட்வே சென்றது. 284 காட்சிகளோடு, போட்ட முதல் தேறாமல், 2005 புத்தாண்டு நாளில் மூடப்பட்டது. டோனியில் அதற்கு நடனம், உடை, ஆர்கெஸ்ட்ரேஷன் (மெட்டுகளை வாத்தியங்களுக்குப் பிரித்து அமைக்கும் வேலை) ஆகிய மூன்று பரிந்துரைகள் கிடைத்தன. நம்மவருக்கு இல்லையே என்று அப்போது எனக்கும் வருத்தம்தான். இருந்தாலும் தோற்ற நாடகத்திலும் தைத்த கையையும் ஆடவைத்த கையையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள் என்பது மைத்துனருக்குப் பதிலாகும்.

இனி 2024-க்கு வருவோம். 1985-இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஜேம்ஸ் லபைன் இயக்கத்தில் தொடங்கி, இந்த நாடகம் பல ஆண்டுகள் திருத்தப்பட்டது. கதையைப் பட்டமளிப்பு விழா ஒன்றுக்குள் வைத்துச் சொன்ன முதல் வடிவத்தின் சட்டகம் போயிற்று. சில பாடல்கள் நீங்கின, சில புதிதாக வந்தன. லண்டனின் டான்மர் வேர்ஹவுஸ் அரங்கில் 2000-இல் நடந்த தயாரிப்பு, அடுத்த ஆண்டு லண்டன் மேடைக்கான ஒலிவியே விருதுகளில் சிறந்த ‘புதிய’ இசைநாடகமாகத் தேர்வானது. இருபது வயது நாடகத்துக்கு அந்தப் பட்டம் கிடைத்ததைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் மேடையில் நின்றது உண்மையிலேயே வேறொன்றுதான். மரியா ஃபிரைட்மன் இயக்கி 2023-இல் பிராட்வேயின் ஹட்சன் அரங்குக்கு வந்த தயாரிப்பில், பாத்திரங்களின் நடுவயதையும் களைப்பையும் காட்டக்கூடிய வயதுவந்த நடிகர்கள் இருந்தார்கள். மறு அரங்கேற்றத்துக்கு ஒன்று, நடித்த ஜோனதன் குரோஃபுக்கும் டேனியல் ராட்கிளிஃபுக்கும் ஒவ்வொன்று என மூன்று விருதுகள் கிடைத்தன. 2021-இல் மறைந்த சோண்ட்ஹைம் அவற்றைப் பார்க்கவில்லை. 1982-இன் கடனை வட்டியோடு தீர்த்தார்கள் என்று நீங்கள் சொன்னால், இந்த மூன்றுக்கும் அதை நான் ஏற்கமாட்டேன்.

நான்காவது விருதைப் பற்றி மட்டும் மைத்துனரிடம் நீங்கள் தைரியமாக வாதாடலாம். அது ஆர்கெஸ்ட்ரேஷனுக்காக ஜோனதன் ட்யூனிக்குக்குக் கிடைத்தது. 1981-இல் ஆல்வின் அரங்கில் ஒலித்த வாத்திய இசையை அமைத்தவரும் அவர்தான். டோனியில் அந்தப் பிரிவே 1997-இல்தான் தொடங்கியது. 1982 விழாவில் அவருக்குப் பரிசு தர வேண்டும் என்று யாரேனும் நினைத்திருந்தாலும், அவர் பெயரை எழுதுவதற்குப் பட்டியலில் ஓர் இடம் இருந்திருக்காது. 2024-இல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 86.