நெப்ராஸ்காவில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உங்கள் அமெரிக்கப் பயணக் கட்டுரையில் நெப்ராஸ்காவில் ஒரு வாரம் தங்கியதாக ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். போன மாதம் நாங்கள் சிகாகோவிலிருந்து டென்வருக்குக் காரில் போனோம். ஒமாஹா தாண்டியபின் ஐந்தாறு மணி நேரம் ஒரே நேரான சாலை, இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு. என் மகன் "இங்க ஒண்ணுமே இல்லையாப்பா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் தங்குகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அந்தச் சாலையில் போகிற பலரும் இதையே கேட்கிறார்கள். காரணம் சாலைதான். நீங்கள் போன ஐ-80 நெடுஞ்சாலை பெரும்பகுதி பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகிறது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மேற்குக் கடற்கரையின் ஆரிகனுக்குக் குடிபெயர்ந்தவர்களும், 1860களில் யூனியன் பசிபிக் ரயில்பாதை போட்டவர்களும் மேடுபள்ளம் இல்லாத இந்தத் தடத்தைத்தான் பிடித்தார்கள். ஆக, மாநிலத்திலேயே மிகவும் தட்டையான பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நெப்ராஸ்கா என்பதே அந்த ஆற்றுக்கு ஓட்டோ பழங்குடி மக்கள் வைத்த பெயர். 'தட்டையான தண்ணீர்' என்று பொருள்.

அந்த மாநிலத்தைத் தெரிந்துகொள்ளத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி. கிழக்கு ஓரத்தில் வருடத்துக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேற்கே போகப்போக நிலம் 1,600 மீட்டர் வரை ஏறுகிறது, மழை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. அங்கேயும் மக்காச்சோளம் விளைகிறது என்றால் ஒகல்லாலா நிலத்தடி நீர்தான் காரணம். எட்டு மாநிலங்களுக்கு அடியில் பரவியிருக்கும் அந்த நீரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு நெப்ராஸ்காவுக்கு அடியில் இருக்கிறது.

அதைப் பார்க்க நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்ப வேண்டும். ஒரு மணி நேரத்தில் சாண்ட்ஹில்ஸ் வந்துவிடும். மாநிலத்தில் கால்பங்கு அதுதான். புல் போர்த்திய மணற்குன்றுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. பெய்கிற மழை ஓடுவதில்லை, மணலில் அப்படியே இறங்கிவிடுகிறது. குன்றுகளுக்கு நடுவே நிலத்தடி நீரே மேலே வந்து ஏரியாக நிற்கிறது. அங்கே உழவு கூடாது. ஒரு இடத்தில் புல் பிய்ந்தால் போதும், காற்று மணலைத் தோண்டிக் குழியாக்கிவிடும். அதனால் மாடு மட்டும்தான். செர்ரி என்ற ஒரே ஒரு கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. வசிப்பவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு பண்ணையில் பழைய இரும்புக் காற்றாடி ஒன்று 'கிறீச், கிறீச்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வாய்த் தண்ணீர் குழாயிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது. கையில் பிடித்துக் குடித்தேன், பல் கூசியது. பக்கத்தில் கன்றுகள் நாங்கள் நகர்வதற்காகக் காத்திருந்தன.

விமானத்தில் போனால் இன்னொன்று தெரியும்: பச்சை வட்டங்கள். 1862 குடியேற்றச் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் சதுரமாக அளந்து இலவசமாகக் கொடுத்தார்கள். (பாவ்னி, ஓட்டோ, போன்கா மக்களிடமிருந்து வாங்கிய நிலம் அது. அவர்களை 1870களிலும் 80களிலும் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். இதைச் சொல்லாமல் 'இலவசம்' என்ற சொல்லை எழுத எனக்கு மனம் வரவில்லை.) ஏறக்குறைய தொண்ணூறு வருடம் கழித்து சென்டர் பிவட் என்ற பாசனமுறை வந்தது. நடுவில் ஒரு கிணறு, அதைச் சுற்றிச் சக்கரத்தில் நகரும் 400 மீட்டர் நீளக் குழாய். அந்தச் சதுரத்துக்குள் அது போடும் வட்டம் கச்சிதமாக அடங்குகிறது, நான்கு மூலைகள் மட்டும் காய்ந்து கிடக்கும். இன்று அமெரிக்காவில் பாசன நிலம் அதிகமுள்ள மாநிலம் இதுதான்.

விளைகிற மக்காச்சோளத்தில் ஒரு பங்கு எத்தனால் ஆலைக்குப் போகிறது. அங்கே மிஞ்சும் சக்கை மாட்டுக்குத் தீனி. மக்கள் சுமார் இருபது லட்சம், மாடுகள் சுமார் அறுபது லட்சம். ஸ்கைலர், கிராண்ட் ஐலண்ட் போன்ற ஊர்களில் இறைச்சி ஆலைகள் இருக்கின்றன. வேலை செய்பவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள். ஸ்கைலர் இன்று லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரே பெரும்பான்மையாக இருக்கும் ஊர். ஒமாஹாவின் காப்பீட்டு நிறுவனங்கள், வாரன் பஃபெட் எல்லாம் நீங்கள் அறிந்ததே.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பொதுக் காரியங்களை நடத்தும் விதம். மின்சார விநியோகம் முழுக்கப் பொது உடைமை. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இப்படி இல்லை. சட்டமன்றத்துக்கும் 1937 முதல் ஒரே அவைதான். நிலத்தடி நீரைக் கவனிக்க ஆற்றுப்படுகைவாரியாக 23 மாவட்டங்கள், அவற்றுக்கு மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுக்கள். கிணறு வெட்டவும் நீர் இறைக்கவும் வரம்பு வைக்கும் அதிகாரம் அந்த உள்ளூர்க்காரர்களிடம் இருக்கிறது. தெற்கே கான்சஸிலும் டெக்சஸிலும் நீர்மட்டம் இறங்கிய அளவுக்கு இங்கே இறங்காததற்கு மணற்குன்றுகளோடு இந்தக் குழுக்களும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

வாழ்க்கை எளிமையானது. சாப்பிட ரன்ஸா கிடைக்கும். கொத்துக்கறியும் முட்டைக்கோஸும் உள்ளே வைத்த பன், ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மானியர்கள் கொண்டுவந்தது. சனிக்கிழமை என்றால் லிங்கன் நகரில் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து. 2023 ஆகஸ்ட்டில் அதே மைதானத்தில் பெண்கள் வாலிபால் ஆட்டம் பார்க்க 92,003 பேர் வந்தார்கள்!

அப்புறம், நான் ஒரு வாரம் தங்கியதற்குக் காரணம் கொக்குகள். நம்மூர் வெள்ளைக் கொக்கு இல்லை, சாண்ட்ஹில் கிரேன் என்ற பெரிய கொக்கு. இடுப்பு உயரம், சாம்பல் நிறம், நெற்றியில் சிவப்பு. மார்ச் மாதத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் வருகின்றன. கனடா, அலாஸ்கா, சைபீரியா வரை போகும் வழியில் பிளாட் ஆற்றில் சில வாரம் இறங்கித் தேறிக்கொள்கின்றன. இரவில் நரி அண்டாதபடி முழங்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் நின்றே தூங்கும். கெர்னி பக்கத்தில் ஒரு மரக்குடிலுக்குள் சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். முதலில் சத்தம்தான் வந்தது, தொண்டைக்குள் உருளும் ஒரு கரகரப்பு. பிறகு வானம் நிறைந்தது. பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரும் பேசவில்லை.

மார்ச் மூன்றாம் வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். கனமான ஸ்வெட்டர் வேண்டும். பகலில் அந்தக் கொக்குகள் எங்கே மேய்கின்றன என்று அவனுக்குக் காட்டுங்கள். அறுவடையில் சிந்திய மணிகளைப் பொறுக்க அவை இறங்குவது, அவன் காரிலிருந்து பார்த்த அதே காடுகளில்தான்.