கல்லாவிலிருந்து நாம் எடுக்கும் பணத்துக்குக் கணக்கில் என்ன பெயர்?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் நானும் என் மச்சானும் சேர்ந்து நண்டு, கணவாய் வாங்கி ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். 2016இல் பத்திரம் போட்டுத் தொடங்கிய பார்ட்னர்ஷிப். ஆளுக்கு மாதம் 30,000 ரூபாய் எடுக்கிறோம். கணக்குப்பிள்ளை அதைச் 'சம்பளம்' என்று எழுதுகிறார். மகள் கல்யாணத்துக்காக மச்சான் தனியாக 4 லட்சம் எடுத்தார். வருட வியாபாரம் 2.4 கோடி, சம்பளம் கழிக்கும் முன் லாபம் 15 லட்சம் வரும். இப்போது ஆடிட்டர் எங்கள் சம்பளத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும் என்கிறார். எங்கள் பணத்தை நாங்கள் எடுக்க எதற்கு வரி? கீழக்கரையில் தனியாகக் கடை வைத்திருக்கும் நண்பருக்கு இந்தத் தொல்லையே இல்லை. என் மனைவிதான் நண்டைத் தரம் பிரித்து எடை போடுகிறார், அவருக்குச் சம்பளம் போடலாமா?

பதில்: டிடிஎஸ்ஸுக்கு அப்புறம் வருகிறேன். அதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் பத்திரத்தில் இருக்கலாம். முதலில் அதை எடுத்துப் படியுங்கள். 'லாப நஷ்டம் சரிபாதி' என்பதோடு நின்றுவிட்டதா, அல்லது உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளம் இவ்வளவு, அல்லது இப்படிக் கணக்கிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால், கணக்குப்பிள்ளை பேரேட்டில் எந்தப் பெயர் போட்டாலும் வருமான வரியில் அது செலவாகாது. மாதம் 30,000 என்பது வெறும் சொந்த எடுப்பு, அவ்வளவுதான்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 15 லட்சத்துக்கு 4,68,000 ரூபாய். பத்திரத்தில் சம்பளம் முறையாக இருந்தால் கதை வேறு. 40(பி) பிரிவின்படி, லாபத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் (குறைந்தது 3 லட்சம்), மீதிக்கு 60 சதவீதம் வரை பங்குதாரர்களுக்குச் சம்பளமாகக் கழிக்கலாம். உங்களுக்கு முதல் 6 லட்சத்துக்கு 5.4 லட்சம், மீதி 9 லட்சத்துக்கு 5.4 லட்சம், ஆக 10.8 லட்சம். இது இருவருக்கும் சேர்த்து; ஆளுக்கு மாதம் 45,000 வரை. நிறுவனத்தில் மிஞ்சுவது 4.2 லட்சம், வரி 1,31,040. ஆளுக்கு வரும் 5.4 லட்சத்துக்கு, வேறு வருமானம் இல்லாவிட்டால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான தள்ளுபடியால் வரியே வராது. நிறுவனத்தில் மிஞ்சும் லாபத்தைப் பிரித்து எடுத்தாலும் அது உங்கள் கையில் வரியில்லாத பணம். ஆக, பத்திரத்தில் ஒரு பத்தி இல்லாததால் வருடத்துக்கு 3,36,960 ரூபாய் போகிறது. போட்ட முதலுக்கு 12 சதவீதம் வரை வட்டி எடுக்கவும் இதே பத்திரம்தான் இடம்கொடுக்க வேண்டும்.

'44ஏடி பிரிவில் வியாபாரத்தில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டுப் போங்களேன்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். தனி ஆளுக்கு நல்ல வழி. உங்களுக்கு வேண்டாம். கம்பெனிப் பணம் வங்கி வழியாகவே வருவதால் 3 கோடி வரம்புக்குள் நீங்கள் வருவீர்கள், உண்மைதான். ஆனால் அப்படிக் காட்டும் 14.4 லட்சத்தில் பங்குதாரர் சம்பளத்தைக் கழிக்க முடியாது, வரி 4,49,280. அதை விட்டால் ஆடிட் செய்தாக வேண்டும். கரையில் ரொக்கமாகத்தானே கொடுக்கிறீர்கள்? ரொக்கப் பட்டுவாடா 5 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர் ஆடிட்டிலிருந்து தப்ப முடியாது. ஆடிட்டர் கட்டணத்தைச் சேர்த்தாலும் உங்களுக்கு ஆதாயம்தான். ரொக்கம் பற்றி இன்னொன்று: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கூடாது என்ற விதியிலிருந்து, மீனவரிடமோ, பிடித்து வந்ததைக் கரையிலேயே தரம் பிரித்து விற்கும் மீனவர் தலைவரிடமோ வாங்குவதற்கு விலக்கு உண்டு. தரகரிடம் வாங்கினால் கிடையாது. வவுச்சரில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டிடிஎஸ். உங்கள் ஆடிட்டர் சொல்வது சரிதான். 2025 ஏப்ரல் 1 முதல் 194டி (194T) பிரிவு வந்திருக்கிறது. பங்குதாரருக்குத் தரும் சம்பளம், வட்டி, போனஸ், கமிஷன் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பணமாகக் கொடுக்காமல் பங்குதாரரின் முதல் (மூலதன) கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தாக வேண்டும். இது கூடுதல் வரி இல்லை, முன்கூட்டியே கட்டும் வரி. ஆளுக்கு 54,000 ரூபாய் பிடித்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். அதுவரை பணம் முடங்கும் என்பது மட்டும் நிஜமான கஷ்டம், அதுவும் மீன்பிடித் தடைக்காலத்தில். (2026 ஏப்ரலில் வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆடிட்டர்கள் வாயில் இருப்பது பழைய எண்தான்.) ரிட்டர்னில் இதைச் 'சம்பள வருமானம்' என்று காட்டாதீர்கள். பெயர்தான் சம்பளம், சட்டப்படி வியாபார வருமானம். 75,000 ரூபாய் நிலைக் கழிவு கிடையாது, படிவம் ஐடிஆர்-3.

மச்சானின் 4 லட்சம் சம்பளமும் இல்லை, செலவும் இல்லை. அவர் முதல் கணக்கில் பற்று எழுத வேண்டும்; அதற்கு டிடிஎஸ் இல்லை. அவர் கணக்கு மைனஸுக்குப் போய், அதே நேரம் நிறுவனம் வங்கியில் ஓவர்டிராஃப்ட் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருந்தால், அந்த அளவு வட்டி தொழில் செலவில்லை என்று அதிகாரி தள்ளக்கூடும். அதைவிட, நாளை கணக்கு முடிக்கும்போது உங்கள் இருவருக்கும் மனஸ்தாபம் வரும் இடமே இதுதான். கூடுதலாக எடுத்தால் எத்தனை சதவீதம் வட்டி என்று பத்திரத்தில் எழுதிவிடுங்கள். சொந்தக்காரர்களுக்குள் வட்டியா என்று கூசவேண்டாம்.

மனைவிக்குச் சம்பளம் போடலாம், வேலைக்குத் தகுந்த அளவில், வங்கிக் கணக்கில். ஆனால் நிறுவனத்தில் உங்களுக்குப் பாதிப் பங்கு இருப்பதால், அவருக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து அதற்காகத் தரும் சம்பளமாக இல்லாவிட்டால், அது உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படும். மாதம் 15,000 என்றால் வருடம் 1.8 லட்சம். உங்கள் 5.4 லட்சத்தோடு சேர்ந்தாலும் 12 லட்சத்துக்கு வெகு தூரம். போடுங்கள்.

கீழக்கரை நண்பருக்கு டிடிஎஸ் இல்லை, ஆனால் அவர் தனக்கே சம்பளம் எழுதிக் கழிக்கவும் முடியாது. மொத்த லாபமும் அவர் ஒருவர் தலையில். இரண்டு பேர் உழைக்கும் தொழிலுக்கு அது தோதுப்படாது. பிரைவேட் லிமிடெட் இப்போதைக்கு வேண்டாம். அங்கே இயக்குநர் சம்பளம் உண்மையான சம்பளம், ஆனால் மச்சான் எடுத்த மாதிரி 4 லட்சம் எடுத்தால் அதை டிவிடெண்டாகப் பாவித்து வரி போட்டுவிடுவார்கள்.

திருத்தப் பத்திரத்துக்கு முன்தேதி போட்டுச் சரிக்கட்ட முடியாது. கையெழுத்தான தேதிக்குப் பிறகு வரும் சம்பளம்தான் கழியும். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கும், அப்போது சாவகாசமாகப் பார்க்கலாம் என்று விட்டால் அரை மாதச் சம்பளம் போய்விடும். மார்ச்சிலேயே பத்திரத்தைத் தயார்செய்து, ஏப்ரல் 1 அன்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நடுவருடமாக இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், மீதி மாதங்களுக்காவது கிடைக்கும்.