நேரலை பாதியில் அறுந்தால் புதுப் போன் வாங்க வேண்டுமா?

முகூர்த்த நாட்களும் ஊர்த் திருவிழாக்களும் அடுத்தடுத்து வருவதால், கைப்பேசியில் நேரலை செய்யும்போது ஏற்படும் தடங்கல்களைப் பற்றியே இம்முறை பலரும் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேள்வியின் கடைசி வரியில், வேறு போன் வாங்கிவிடலாமா என்று சேர்த்திருக்கிறார்கள். வந்த கேள்விகளை வைத்துப் பார்த்தால் அநேகமாக எவருக்கும் புதுப் போன் தேவைப்படவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்தைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களுக்காக யூடியூபில் நேரலை செய்தோம். முந்தைய நாள் யாகசாலை பூஜை தெளிவாகப் போனது. மறுநாள் காலையில் கலசத்தில் புனிதநீர் ஊற்றும் நேரத்தில் படம் உறைந்து நின்றுவிட்டது. போனில் சிக்னல் கோடுகள் முழுமையாக இருந்தன. கடையில் கேட்டால் விலை கூடிய 5ஜி போன் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
(மேலூர் அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம், ஐயா. சிக்னல் கோடுகள் டவரின் அலை உங்கள் போனை எவ்வளவு வலுவாக வந்தடைகிறது என்பதை மட்டுமே காட்டும். அந்த டவரில் உங்களுக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. யாகசாலை பூஜைக்கு வந்தவர்கள் சில நூறு பேராக இருந்திருப்பார்கள். கும்பாபிஷேகக் காலையில் சுற்றுவட்டாரமே திரண்டு வந்து, கோபுரத்தில் நீர் விழும் அதே நிமிடத்தில் எல்லோரும் போனைத் தூக்கிப் படம் அனுப்பியிருப்பார்கள். ஒரு டவரின் கொள்ளளவு அத்தனை பேருக்கும் பங்காகப் பிரிந்துவிடும். அழகர் வைகையில் இறங்கும் விடியற்காலையில் கோரிப்பாளையத்தில் நின்று ஒரு போட்டோ அனுப்ப முயன்றவர்களுக்கு இந்த நிலை நன்றாகவே தெரியும்.

அடுத்ததாக, வேகத்தைச் சோதிக்கும் செயலிகள் இரண்டு எண்களைத் தருகின்றன. நம்மில் பெரும்பாலோர் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறோம். நேரலைக்குத் தேவைப்படுவது இரண்டாவது எண்ணான பதிவேற்ற வேகம், அதாவது அப்லோடு. கைப்பேசி இணைப்புகளில் இது பதிவிறக்க வேகத்தைவிட மிகக் குறைவாகவே இருக்கும். 720பி என்ற நடுத்தரப் படத் தெளிவில் நேரலை செய்ய ஏறத்தாழ 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) பதிவேற்ற வேகம் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். சோதனையில் அதைப்போல இரண்டு மடங்காவது வந்தால்தான் ஏற்ற இறக்கங்களைத் தாங்கும். காலியான மைதானத்தில் முதல் நாள் மாலை சோதித்துப் பார்ப்பதால் பயனில்லை. கூட்டம் கூடும் நேரத்தில் சோதிக்க வேண்டும்.

இதோடு டேட்டா கணக்கையும் பாருங்கள். 4 எம்பிபிஎஸ் என்பது மணிக்கு 1.8 ஜிபி ஆகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலேயே தீர்ந்துவிடும். அதன்பின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் அளவுக்கு இறக்கப்படுகிறது. அந்த வேகத்தில் நேரலை ஓடாது. உங்கள் நேரலை தொடங்கிய நேரத்தையும் உறைந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குற்றவாளி கூட்டமாக இல்லாமல் டேட்டா வரம்பாகவும் இருக்கலாம். அளவில்லா 5ஜி திட்டம் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: போன் 5ஜியில் நிற்கும் வரைதான் அந்தச் சலுகை செல்லும், 4ஜிக்கு இறங்கிய நிமிடம் முதல் அன்றாட வரம்பிலிருந்து கழியத் தொடங்கும்.

5ஜி போன் உதவுமா என்றால், உங்கள் ஊரில் 5ஜி டவர் இருந்தால் உதவலாம், இல்லாவிட்டால் கொடுத்த பணம் வீண். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, நிறுவனங்கள் தங்கள் சேவை எந்தெந்த இடத்தில் கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடங்களைத் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும். கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்புவதைவிட அந்த வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடிப் பார்ப்பது நல்லது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் கோயிலுக்கு அருகில் கேபிள் வழி பிராட்பேண்ட் உள்ள ஒரு வீட்டைத் தேடுவேன். அந்த வீட்டு ரவுட்டரிலிருந்து ஒரு வயரைக் கோயில் வரை இழுத்து, அங்கே இன்னொரு வைஃபை கருவியை வைத்துவிட்டால், எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும் டவர் நெரிசல் உங்களைத் தொடாது. இரு முனைகளிலும் உள்ள கருவிகளை இன்வெர்ட்டரில் செருகுங்கள். கரண்ட் போனால் நெட்டும் போய்விடும் என்பது பலருக்கும் கடைசி நேரத்தில்தான் நினைவுக்கு வருகிறது. பிராட்பேண்டுக்கு வழியே இல்லை என்றால், வேறு நிறுவனத்தின் சிம் போட்ட இரண்டாவது போனை ஹாட்ஸ்பாட்டாகத் தயார் நிலையில் வைத்திருங்கள். எந்த ஏற்பாட்டைச் செய்தாலும், வேறொரு போனில் முழு நிகழ்ச்சியையும் சாதாரண வீடியோவாகப் பதிவுசெய்யுங்கள். அன்று இரவே அதை ஏற்றிவிட்டால் கடல் கடந்து இருப்பவர்கள் கலசத்தில் நீர் விழும் காட்சியையாவது இழக்காமல் இருப்பார்கள்.

கேள்வி: நேரலையில் இருக்கும்போது யாராவது அழைத்தால் உடனே படம் நின்றுவிடுகிறது. ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பை இயக்கியும் பயனில்லை.
(திருமங்கலம்)

பதில்: உங்கள் போனில் இரண்டு சிம் இருக்கும் என்று நினைக்கிறேன். பல போன்களில் ஒரு சிம்மில் அழைப்பு நடக்கும்போது மற்ற சிம்மின் டேட்டா நின்றுவிடும். ‘தொந்தரவு செய்யாதே’ என்பது மணியோசையை மட்டுமே அடக்கும். நேரலை முடியும் வரை இரண்டாவது சிம்மை அமைப்புகளில் அணைத்துவிட்டு, டேட்டா உள்ள எண்ணுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலுள்ள இன்னொரு எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். வைஃபை இருந்தால் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் இயக்குவது எல்லாவற்றிலும் எளிது.

கேள்வி: வீட்டு மாடியில் இருந்து சுங்குடிச் சேலைகளை நேரலையில் விற்கிறேன். சித்திரை மாதம் தொடங்கியதிலிருந்து இருபது நிமிடத்தில் போன் கொதிக்கிறது, திரை மங்குகிறது, பிறகு கேமராவே மூடிக்கொள்கிறது. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. வாரண்டியில் மாற்றித் தருவார்களா?
(வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, இதைப் பழுது என்று சர்வீஸ் சென்டரில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். நேரலையின்போது கேமரா, வீடியோவைச் சுருக்கும் சிப், இணைய அலைவாங்கி, திரை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக உழைக்கின்றன. அதோடு சார்ஜரையும் செருகிவிட்டால் பேட்டரியும் சூடேறும். ஐபோன்களை 35 டிகிரி செல்சியஸ் வரையான சுற்றுப்புற வெப்பத்தில் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. மற்ற போன்களுக்கும் தாங்குதிறன் இதையொட்டித்தான் இருக்கும். சித்திரை வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது, தகரக் கூரை போட்ட மாடியில் எந்தப் போனும் தவிக்கத்தான் செய்யும்.

நேரலையைக் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை விளக்கு வைத்த பிறகோ கீழ்த்தளத்தில் செய்து பாருங்கள். போனின் உறையைக் கழற்றிவிட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் முதுகில் மேசை விசிறியின் காற்று படும்படி வையுங்கள். முன்கூட்டியே முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு, நேரலை நேரத்தில் சார்ஜரை எடுத்துவிடுங்கள். திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் பலவீனமான இடத்தில் டேட்டாவை இழுக்கப் போன் கூடுதலாக உழைக்கும் என்பதால் வைஃபையில் இணைப்பதும் சூட்டைக் குறைக்கும். சிலர் சூடான போனைப் பிரிட்ஜில் வைக்கிறார்கள். உள்ளே ஈரம் கோத்து, வாரண்டியும் கைவிட்டுப் போகும். எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே சூடேறினாலோ, பின்மூடி புடைத்துக்கொண்டு வந்தாலோ அது உண்மையான பழுது. உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பில்லோடு சர்வீஸ் சென்டருக்குச் செல்லுங்கள், வேலை எழுதிய சீட்டைத் தவறாமல் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தானியங்கி அமைப்பில் கேமரா நிமிடத்துக்கு நிமிடம் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அரக்குச் சேலை திரையில் சிவப்பாகத் தெரிந்து, வாங்கியவர் திருப்பி அனுப்பினால் நட்டம் உங்களுக்கு. எப்போதும் ஒரே விளக்கொளியைப் பயன்படுத்துங்கள். பல கேமராக்களில் திரையை நீண்ட நேரம் அழுத்தினால் வெளிச்சமும் குவியமும் பூட்டிக்கொள்ளும், உங்கள் செயலியில் அது இருந்தால் பயன்படுத்துங்கள். சேலையின் சரியான நிறப் பெயரை வாயாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: யூடியூப் செயலியில் நேரலைப் பொத்தான் வேலை செய்யவில்லை. ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் சந்தாதாரர்களைச் சேர்த்துத் திறந்துவிடுகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
(உசிலம்பட்டி)

பதில்: கொடுக்காதீர்கள். கைப்பேசியிலிருந்து நேரலை செய்ய யூடியூபில் குறைந்தது 50 சந்தாதாரர்கள் தேவை. தொலைபேசி எண்ணைச் சரிபார்த்து நேரலையை இயக்கிய பிறகு 24 மணி நேரம் வரை காத்திருக்கவும் நேரலாம். உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கேட்டாலே ஐம்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். விலைக்கு வாங்கும் சந்தாக்கள் யூடியூபின் விதிக்கு எதிரானவை, சேனலையே இழக்க நேரும். இன்ஸ்டாகிராமில் 2025 ஆகஸ்ட் முதல் பொதுக் கணக்கும் ஆயிரம் பின்தொடர்பவர்களும் கேட்கிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து நேரலையில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன், அதுவே என் பிழைப்பு. இணையத்தில் வாங்கிய வயர்லெஸ் மைக்கில் ஒலியே வரவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள்.
(ஆனையூர்)

பதில்: புகாருக்கு முன் மூன்றைச் சோதியுங்கள். சில போன்களில், வெளிக்கருவிகளைப் போனில் இணைக்க உதவும் ஓடிஜி என்ற அமைப்பை நாமே இயக்கினால்தான் டைப்-சி மைக் உயிர்பெறும். சிறிது நேரம் பயன்படுத்தாவிட்டால் அது தானாக அணைந்தும்விடும். போனின் உறை தடுத்து, மைக்கின் செருகுமுனை முழுதாக உள்ளே போகாமல் இருக்கலாம். 3.5 மிமீ வயர் என்றால் செருகுமுனையில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்க வேண்டும். இரண்டு வளையங்கள் உள்ள செருகுமுனை கேமராவுக்கானது, பெரும்பாலான போன்களில் அது ஒலி தராது. பிறகு போனின் சாதாரண வீடியோவில் பதிவுசெய்து பாருங்கள். அதில் ஒலி வந்தால் மைக் நன்றாக இருக்கிறது, நேரலைச் செயலியின் அமைப்பில்தான் கோளாறு. ஒலி வந்தும் தம்புரா சுருதி விட்டுவிட்டுக் கேட்டால் மைக்கின் இரைச்சல் நீக்கியை அணையுங்கள். நீண்டு ஒலிக்கும் சுருதியை அது இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒலி வரவில்லை என்றால் மைக் பழுதானது, பெட்டியைப் பிரித்தது ஒரு காரணமே ஆகாது. பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே முதலில் அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒலி வராததைக் காட்டும் வீடியோவையும் இணையுங்கள். பலன் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன்பிறகும் மறுத்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே தொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. தொழிலுக்கு வாங்கியது என்று அவர்கள் வாதிட்டால் அஞ்ச வேண்டாம். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிய பொருளை அந்தச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை.

கேள்வி: திருப்பரங்குன்றத்தில் நடந்த என் மகள் திருமணத்தை ஃபேஸ்புக்கில் நேரலை செய்ய வீடியோகிராபருக்குத் தனியாக எட்டாயிரம் கொடுத்தேன். பாதி நேரம் ஒலியே இல்லை என்கிறார்கள் துபாயில் இருக்கும் உறவினர்கள். நெட் சரியில்லை என்பது அவர் பதில். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
(பைக்காரா)

பதில்: நெட் சரியில்லை என்றால் படமும் சேர்ந்தே தடைப்படும். படம் ஓடி ஒலி மட்டும் போனது என்றால், மண்டபத்து ஒலிபெருக்கியில் திரைப்படப் பாடல் ஓடிய நேரமா என்று பாருங்கள். காப்புரிமை உள்ள பாடல்களைத் தளங்கள் தானாகவே கண்டுபிடித்து ஒலியை அடக்கிவிடும், சில வேளை நேரலையையே நிறுத்திவிடும். இது தொழில்முறையில் நேரலை செய்பவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. உங்களிடம் முன்பே சொல்லியிருந்தால் அந்த நேரத்தில் நாதஸ்வரத்தை மட்டும் வாசிக்கச் சொல்லியிருப்பீர்கள். எச்சரிக்காமல் பணம் வாங்கியது என் பார்வையில் சேவைக் குறைபாடு. எட்டாயிரத்தில் ஒரு பகுதியையாவது திரும்பக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பேசியது வாய்மொழியாக இருந்தாலும் வாட்ஸ்அப் செய்திகளும் பணம் அனுப்பிய பதிவும் சான்றாகும்.

அவரோடு பேசித் தீர்ப்பதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. ஃபேஸ்புக் நேரலைகள் 2025 பிப்ரவரி முதல் 30 நாட்கள் மட்டுமே தளத்தில் இருக்கின்றன. திருமணம் நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. இன்றே அந்தப் பக்கத்துக்குச் சென்று வீடியோவைப் பதிவிறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.