அண்ணாச்சி, இந்த ரேட்டு நியாயமா?

கேள்வி: பெருமாள்புரம் வீட்டில் 25 லிட்டர் கீசர் ஆறு வருஷமா ஓடுது. இப்போ அடியில் தண்ணி சொட்டுது. வந்து பாத்த மெக்கானிக், "டேங்கு போச்சு, புதுசுதான் மாட்டணும். பைப்பு, வயரிங் எல்லாம் சேத்து 24,500"னு சொல்லிட்டுப் போயிட்டார். நியாயமாத்தான் கேக்காரா அண்ணாச்சி?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாயி, அந்த 24,500-க்குள்ள என்னென்ன இருக்குன்னு அவரும் சொல்லல, நீங்களும் கேக்கல. உடைச்சுப் பாத்தாத்தான் பேச முடியும்.

அதுக்கும் முன்னால, தண்ணி எங்கேருந்து சொட்டுதுன்னு பாருங்க. மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, வெளிப்பக்கத்தைத் துணியால துடைச்சு, டார்ச் அடிச்சுப் பாருங்க. பைப்பு சேருற இடத்துல ஈரம்னா வாஷர் வேலை. சேஃப்டி வால்வு வாயில, சூடாகும்போது மட்டும் ரெண்டு சொட்டு விழுதுன்னா அது கோளாறே இல்லை, அந்த வால்வோட வேலையே அதுதான். அடி மூடிக்குள்ள எலிமெண்ட் (தண்ணியைச் சுட வைக்கிற கம்பி) போல்ட்டைச் சுத்தி வழிஞ்சா கேஸ்கெட். அது ரப்பர் வளையம், நூறு இருநூறோட முடியும். இது எதுவும் இல்லாம, உடம்புக்குள்ளேருந்து துருத்தண்ணி கசிஞ்சாத்தான் டேங்கு ஓட்டை. அப்போ மெக்கானிக் சொன்னது சரி, ஓட்டை விழுந்த டேங்கை ஒட்டிப் புண்ணியமில்லை.

டேங்குதான்னா வாரண்டி கார்டைத் தேடுங்க. எலிமெண்டுக்கு ஒரு கணக்கு, டேங்குக்கு வேற கணக்கு போட்டிருப்பாவ. டேங்குக்கு 5 வருஷமும் உண்டு, 7 வருஷமும் உண்டு. உங்களுக்கு ஆறுதானே ஆச்சு.

இனி விலை. "எந்த கம்பெனி, எந்த மாடல், எத்தனை ஸ்டார்?" இந்த மூணையும் துண்டுச்சீட்டுல எழுதி வாங்குங்க. பெட்டியில அச்சடிச்ச எம்.ஆர்.பி.யை நம்பாதீங்க, கீசருக்கு அந்த விலையில யாரும் விக்கிறதில்லை. சீட்டை எடுத்துக்கிட்டு வண்ணார்பேட்டையில ஒரு கடை, டவுன்ல ஒரு கடை ஏறி இறங்கினா நிஜ விலை தெரிஞ்சிரும். 25 லிட்டர் ஐந்து ஸ்டார், நல்ல கம்பெனின்னா ஒம்பதாயிரத்துலேருந்து பன்னிரண்டாயிரத்துக்குள்ள அமையும். ரெண்டு ஹோஸ், ரெண்டு ஆங்கிள் காக், சுவத்து போல்ட்டு எல்லாம் ஆயிரத்து ஐநூறைத் தாண்டாது. கழட்டி மாட்ட அரைநாள்தான், கையாளோட சேத்து ஆயிரத்து ஐநூறு கேட்டா கொடுத்திரலாம். ஆக பதினஞ்சாயிரத்துல வேலை முடியணும். மிச்சம் ஒம்பதாயிரத்துச் சொச்சத்துக்கு அவர்தான் கணக்குச் சொல்லணும்.

வயரிங்னு சொன்னாராமே, அதுலதான் எனக்குச் சந்தேகம். 2,000 வாட் கீசர் ஒம்பது ஆம்பியர்கூட இழுக்காது. 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரும் தாராளம். ஏற்கனவே அப்படித்தான் இருக்குன்னா, பிளக் பின் கருகாம இருந்தா, வயர்ல கை வைக்க வேண்டாம். ஆனா எர்த் சரியா இருக்கான்னு ஒரு எலக்ட்ரீஷியனை விட்டு டெஸ்ட் பண்ணுங்க, அதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. பைப்பு மாத்தணும்னா எத்தனை அடின்னு கேளுங்க. வெந்நீர் வர்ற பக்கம் சி.பி.வி.சி.தான் போடணும், சாதா பி.வி.சி. இளகிரும்.

உங்க வீட்டுல ஓடுறது தாமிரபரணித் தண்ணியா, போர் தண்ணியா? எழுதல. போர் தண்ணின்னா பழைய கீசரை இறக்கினதும் எலிமெண்டைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. கம்பி மேல சுண்ணாம்புக் காரை ஏறி, வெரல் தடிக்கு வெள்ளையா நிக்கும். பக்கத்துல ஆனோடு ராடுன்னு ஒரு மெக்னீசியம் குச்சி இருக்கணும். துரு டேங்கைத் தின்னாம தன்னைத் தின்ன விடுறதுதான் அதோட வேலை. உப்புத் தண்ணியில அது சீக்கிரம் கரைஞ்சு, நடுக்கம்பி மட்டும் நிக்கும். சர்வீசுக்கு வாரவிய பாதிப்பேர் அதைத் தொடவே மாட்டாவ. புதுசு மாட்டினா வருஷத்துக்கு ஒருக்க அந்தக் குச்சியைப் பாக்கச் சொல்லுங்க, கரைஞ்சிருந்தா மாத்திக்கிடுங்க.

பழைய கீசரை அவர் சும்மா தூக்கிட்டுப் போகவும் விடாதீங்க. ஆக்கர் கடையில, அதான் பழைய இரும்புக் கடையில, அதுக்கும் காசு உண்டு, அதைக் கழிச்சுட்டுத்தான் பில்லு.

கேள்வி: டீக்கடை செம்பு பாய்லர் ஒழுகுது. பழசைக் கொடுத்துட்டு எவர்சில்வர் பாய்லர் வாங்கிக்கோங்கன்னு பாத்திரக்கடையில சொல்லுதாவ. வாங்கலாமா?
- வாசகர், ஏர்வாடி

பதில்: தம்பி, குழாய் மூட்டுலதான் ஒழுகுதுன்னா பத்த வச்சு, உள்ள வெள்ளீயம் பூசினாப் போதும். கொடுக்கத்தான் போறீங்கன்னா, செம்பை உங்க கண்ணு முன்னால எடை போட்டு, அன்னைக்குக் கிலோ ரேட்டை விசாரிச்சுட்டுப் பேசுங்க. "பழசுக்கு இவ்வளவு தாரேன்"னு மொத்தமாச் சொன்னா ஒத்துக்கிடாதீங்க.