தங்கச்சி பையனுக்கு நான்தான் கார்டியன், பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்துல ஓட்டு உண்டா? தேர்தல்ல என்னைய கை தூக்க விடல.

உண்டு. மலேசியாவோட 1996 கல்விச் சட்டத்துல பெற்றோர்னா பெத்தவங்க மட்டும் இல்ல, கார்டியனும் பிள்ளைய நெசமா பொறுப்பெடுத்து வச்சிருக்கவங்களும் அதுக்குள்ள வர்றாங்க, தங்கச்சி சிங்கப்பூர்ல வேலையில இருக்க பையன் லாபிஸ்ல உங்க வீட்லதான வளர்றான், அப்புறம் “பெரியம்மாதான, அம்மா இல்லியே”ன்னு கை தூக்க விடாதது சரியே இல்ல.

அனேகமா ஸ்கூல் ரெக்கார்டுல பெஞ்சாகா (கார்டியன்) இடத்துல உங்க பேர் இருக்காது, அம்மா பேர வச்சே லிஸ்ட் எடுத்திருப்பாங்க. எஸ்டேட் பக்கம் தாத்தா பாட்டி, பெரியம்மாகிட்ட வளர்ற பிள்ளைங்க எத்தன பேரு, இத சரி பண்ணியே ஆகணும்.

நாளைக்கே ஆபீஸ்ல போய் கேளுங்க. பேர் இல்லன்னா தங்கச்சிகிட்ட ஒரு லெட்டர் வாங்கி, பையன் சூராட் பெரானாக் (பிறப்பு சான்றிதழ்), உங்க ஐசி (அடையாள அட்டை) காப்பியோட எச்எம் கிட்ட குடுங்க, அவர்தான் சங்கத்துக்கு ஆலோசகர். குடுத்ததுக்கு ஒரு காப்பில சாப் (முத்திரை) வாங்கிக்குங்க.

ஒன்னு மட்டும், தங்கச்சியும் கூட்டத்துக்கு வந்தா ரெண்டு பேரும் ஓட்டு போடலாமாங்கறத சங்கத்து விதிமுறைய கேட்டு வாங்கி படிச்சு பாருங்க. நடந்து முடிஞ்ச தேர்தல் இதனால தானா மாறாது, அதுக்கு பிபிடிக்கு (மாவட்ட கல்வி ஆபீஸ்) தனியா எழுதணும்.